மழை நாளிலும் ஏர்கோன் ஓட வேண்டுமா? அப்பாவோடு தீராத வழக்கு

ஆற்றோரம் – ஞாயிறு, காலை 9.12

வணக்கம். நான் மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்து பெஸ்தாரி ஜெயாக்காரன். 2007இல் பெயர் மாறும் முன்பு பத்தாங் பெர்ஜுந்தை. அப்பாவுக்கு இன்றைக்கும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான். முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் செம்பனை லாரி ஓட்டியவர். இப்போது பழைய சாகா ஒன்று வைத்திருக்கிறார். அந்தக் காரில் ஏர்கோன் என்பது விருந்தாளிக்காக அலமாரியில் எடுத்து வைத்த பீங்கான் தட்டு மாதிரி. தைப்பூசம், கல்யாணம், யாரையாவது மருத்துவமனைக்கு அழைத்துப் போவது, இவற்றுக்கு மட்டும்தான் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் நான்கு கண்ணாடியும் இறங்கியிருக்கும்.

போன வாரம் தங்கை கைக்குழந்தையோடு ஜொகூரிலிருந்து வந்தாள். குழந்தைக்காக ஏர்கோனைப் போட்டால் அடுப்பங்கரைக் காற்று வருகிறது. பட்டறைக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த இளம் போர்மேன் போனட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "மாதக் கணக்கில் போடாமல் வைத்திருந்தீர்களா? சீல் காய்ந்து, குளிரூட்டும் கேஸ் போய்விட்டது. கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரையே மாற்ற வேண்டும்" என்றார். 900 வெள்ளி (ரிங்கிட்) சொன்னார்.

அப்பா ஒரே கேள்விதான் கேட்டார்: "போடாத சாமான் எப்படியடா தேயும்?"

பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஏர்கோனை வருடம் முழுக்க, மழையோ வெயிலோ, ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா? அல்லது இது பட்டறைக்காரர்கள் கட்டிவிட்ட கதையா?

கன்சில்காரன் – ஞாயிறு, காலை 9.40

கதைதான். உங்கள் அப்பா பக்கம் என் ஓட்டு. என் 660 சிசி கன்சிலில் ஏர்கோனைப் போட்டுக்கொண்டு மேடு ஏறினால் பின்னால் வரும் சைக்கிள்காரர் மணி அடிப்பார். லாரியை முந்த வேண்டும் என்றால் முதலில் என் கை போவது கியருக்கு அல்ல, ஏர்கோன் பொத்தானுக்கு. எண்ணெயும் குடிக்கிறது. பூடி95 என்று மானிய விலையில் பெட்ரோல் கிடைத்தாலும் என் பணம் என் பணம்தான்.

வெண்கட்டி – ஞாயிறு, காலை 10.05

கன்சில்காரரே, மழையில் என்ன செய்கிறீர்கள்? கண்ணாடியை ஏற்றி, ஏர்கோனையும் போடாவிட்டால் முன்கண்ணாடி வெள்ளையாகிவிடுமே.

கன்சில்காரன் – ஞாயிறு, காலை 10.09

துண்டு வைத்திருக்கிறேன், டீச்சர்.

பழைய ஸ்பேனர் – ஞாயிறு, பிற்பகல் 1.30

ரவாங்கில் இருபத்தாறு ஆண்டுகளாக ஏர்கோன் வேலை பார்க்கிறேன். இப்போது முதுகு ஒத்துழைக்காததால் பட்டறையை மகன் கவனிக்கிறான், நான் கவனிப்பது மகனை.

தம்பி ஆற்றோரம், அந்த இளம் போர்மேன் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் சொல்கிறேன்.

கம்ப்ரசருக்கென்று தனியாக எண்ணெய்த் தொட்டி கிடையாது. உள்ளே ஊற்றிய கொஞ்சம் எண்ணெய் கேஸோடு கலந்து, குழாய் குழாயாகச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும். ஓடினால்தான் சுற்றும். எஞ்சின் பெல்ட்டிலிருந்து சக்தி வாங்க கம்ப்ரசரின் தண்டு ஒன்று உடலைத் துளைத்து வெளியே வருகிறது. அந்தத் துளையில் தண்டை உதடு போலக் கவ்விக்கொண்டு ஒரு ரப்பர் சீல் இருக்கும். உதட்டில் எண்ணெய் ஈரம் இருக்கும்வரை கேஸ் உள்ளேயே நிற்கும். மாதக் கணக்கில் நிறுத்தி வைத்தால் எண்ணெய் அடியில் இறங்கிவிடும், உதடு காயும். அதனால்தான் மாதத்துக்கு ஒரு முறையாவது சில நிமிடங்கள் ஓட்டுங்கள் என்று பல கார்களின் கையேட்டில் எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படித்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஆகவே அப்பாவிடம் சொல்லுங்கள்: போடாத சாமான் தேயாது, ஆனால் காயும். பால் மரத்தை (ரப்பர் மரம்) வெட்டாமல் விட்டால் பால் வடியும் கோடு காய்ந்து போவதைத் தோட்டத்தில் பார்த்திருப்பாரே.

இப்போது மறுபாதி. போனட்டைத் திறந்த மாத்திரத்தில் சீல் போய்விட்டது என்று சொல்வது ஜோசியம். சீல் உண்மையிலேயே ஒழுகினால் கேஸ் மட்டும் வெளியேறாது, எண்ணெயும் வரும். கம்ப்ரசரின் முனையில் சுழல்கிற கிளட்ச் தட்டு அந்த எண்ணெயை வட்டமாக வாரி வீசும். கிளட்சைச் சுற்றி, சில சமயம் போனட்டின் அடிப்பக்கத்தில்கூட, தூசி ஒட்டிய கறுப்புக் கோடு தெரியும். அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் 900 வெள்ளியைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றோரம் – ஞாயிறு, பிற்பகல் 2.15

இப்போதுதான் கைவிளக்கு அடித்துப் பார்த்தேன். தூசி உண்டு, எட்டுக்கால் பூச்சிக் கூடு ஒன்று உண்டு. கறுப்புக் கோடு இல்லை. அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு ஒன்றும் பேசாமல் சிரிக்கிறார்.

கன்சில்காரன் – ஞாயிறு, பிற்பகல் 2.31

நான் வருடத்துக்கு ஒரு முறை கேஸ் அடைக்கிறேன். எண்பது வெள்ளி. ஓட ஓடத் தீர்ந்துபோகும்தானே?

பழைய ஸ்பேனர் – ஞாயிறு, மாலை 4.00

தீராது. பெட்ரோல் எரிவது போல கேஸ் எரிவதில்லை. மூடிய குழாய்க்குள் நீர்மமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றுகிறது, அவ்வளவுதான். தண்டு சீல் வழியாகவும் ரப்பர் குழாய் வழியாகவும் பல ஆண்டுகளில் துளித்துளியாகக் கசிவது இயல்பு. வருடா வருடம் அடைக்க வேண்டியிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்ற எண்பது வெள்ளி கொடுக்கிறீர்கள்.

கேஸை அழுத்தம் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றக் கூடாது. எத்தனை கிராம் என்று போனட்டின் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். மிஞ்சினாலும் குளிராது. அளவு மீறி அடைத்த காரைக் கொண்டுவந்து இன்னும் கொஞ்சம் அடையுங்கள் என்று கேட்டவர்கள் உண்டு.

வெண்கட்டி – ஞாயிறு, இரவு 8.20

கண்ணாடி விஷயத்தை விட மாட்டேன், எனக்கு அதுதான் அன்றாடப் பிரச்சினை. காலை ஆறரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி ஈஜோக் பக்கம் பள்ளிக்குப் போகிறேன். இருபுறமும் செம்பனை, இருட்டு, முந்திய இரவு பெய்த மழையின் ஈரம். இரண்டு ஆண்டுகள் உள்பக்கத்தைத் துடைத்துத் துடைத்து ஓட்டினேன், புகை போகவே போகாது. ஒரு நாள் எரிச்சலில் வைப்பரைத் தட்டினேன். ஒரே வீச்சில் கண்ணாடி பளிச்சென்று தெளிந்தது. புகை வெளியே இருந்திருக்கிறது! என் கார் உள்ளே சில்லென்று, வெளியே ஈரக்காற்று. குளிர்ந்த பானத்தை மேசையில் வைத்தால் டம்ளர் வெளியே வியர்க்கிறதே, அதுதான்.

அதிலிருந்து விரலால் ஒரு கோடு போட்டுப் பார்ப்பேன். கோடு உள்ளே விழுந்தால் ஏர்கோனைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புவேன். விழாவிட்டால் வைப்பரைத் தட்டி, குளிரைக் குறைத்து, காற்றைக் கண்ணாடியில் படாமல் காலுக்குத் திருப்புவேன். இரண்டுக்கும் மருந்து நேர் எதிர். கன்சில்காரரின் துண்டுக்கு இதில் பாதி வேலைதான்.

லெஸ்டர் வாசி – திங்கள், அதிகாலை 5.48

பிறந்தது ஈஜோக், பதினைந்து ஆண்டுகளாக இருப்பது இங்கிலாந்தில். இந்தக் கேள்வி இங்கே ஒவ்வொரு நவம்பரிலும் வரும். குளிர்காலத்தில் ஏர்கோனுக்கு என்ன வேலை என்று என் மாமனார் ஊரிலிருந்து தொலைபேசியில் சிரிப்பார்.

நனைந்த கோட்டு, நனைந்த காலணி, நான்கு பேர் மூச்சு. ஹீட்டரை மட்டும் போட்டால் காற்று சூடாகும், ஈரம் காருக்குள்ளேயே சுற்றும். ஏர்கோனையும் சேர்த்துப் போட்டால் காற்று முதலில் குளிர்ந்த காயிலில் (கேஸ் ஓடும் குழாய்ச் சுருள்) பட்டு ஈரத்தைத் தண்ணீராகக் கொட்டிவிட்டு, பிறகு ஹீட்டரில் சூடாகி வரும். உலர்ந்த வெப்பக் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி இரண்டு நிமிடத்தில் தெளியும். பல கார்களில் முன்கண்ணாடிப் பொத்தானை அழுத்தினாலே கம்ப்ரசர் தானாக ஓடத் தொடங்கும்.

ஒரு வேடிக்கை. வெளியே உறைநிலையை ஒட்டிப் போனால் காயிலில் பனி கட்டாமல் இருக்கப் பல கார்களில் கம்ப்ரசர் ஓட மறுக்கும். பொத்தானில் விளக்கு எரியும், உள்ளே ஒன்றும் நடக்காது. வருடம் முழுக்க ஏர்கோன் போடுகிறேன் என்று சொல்கிற பலருக்கு ஜனவரியில் அது ஓடவே இல்லை என்பது தெரியாது.

தானா ராத்தா – திங்கள், காலை 7.15

நாங்கள் லெஸ்டருக்கும் பெஸ்தாரி ஜெயாவுக்கும் நடுவில் இருக்கிறோம். கேமரன் மலையில் குளிருக்காக ஏர்கோன் போட்ட நாள் நினைவில் இல்லை, மூடுபனிக்காகத்தான் போடுகிறோம். இங்கே கம்ப்ரசர் காய்வது நிஜம். அடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கும்போது மட்டும் போடுகிறவர்கள், அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் கேஸ் இல்லை என்று கண்டுபிடிப்பார்கள். மேலே ஏறி வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வளைவுகளில் சூட்டு முள் உயர்வதைப் பார்த்தால் ஏர்கோனை நிறுத்துங்கள். வாரக் கடைசியில் சாலையோரம் போனட்டைத் திறந்து வைத்து ஆவி விட்டுக்கொண்டிருக்கும் கார்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

ஆற்றோரம் – திங்கள், காலை 7.50

அப்பாவுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். டீச்சர் சொன்ன விரல் கோடு அவருக்குப் பிடித்திருக்கிறது. சீல் கதையை நம்பவில்லை. இன்னொரு காரணத்தையும் இன்றுதான் சொன்னார். கண்ணாடியை ஏற்றினால் கார் என்ன சொல்கிறது என்று காதில் விழாதாம். டயரில் கல் மாட்டியிருப்பதை, பெல்ட் கீச்சிடுவதை, பின்னால் வரும் மணல் லாரி கியர் இறக்குவதையெல்லாம் கேட்டுத்தான் ஓட்டுவாராம். லாரியில் அவருக்கு ஏர்கோனும் கிடையாது, ரேடியோவும் கிடையாது.

வெண்கட்டி – திங்கள், காலை 10.30

அப்பா 2005இல் என்ன செய்தார் என்று கேளுங்கள். ஆகஸ்ட் 11ஆம் தேதி கோல சிலாங்கூருக்கும் போர்ட் கிள்ளானுக்கும் புகைமூட்ட அவசரநிலை அறிவித்தார்கள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியிருந்தது. பகலிலேயே விளக்குப் போட்டு ஓட்டினோம். அப்போது எங்கள் காரில் ஏர்கோன் பழுது. தம்பிக்கு இளைப்பு நோய். ஈரத்துணியை மூக்கில் கட்டி மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது பழுதானாலும் பொறுப்போம், ஏர்கோன் பழுதானால் மறுநாளே பட்டறை.

பழைய ஸ்பேனர் – திங்கள், பிற்பகல் 12.45

டீச்சர் சொன்னது முக்கியம். ராஜா மூசா காட்டுப் பக்கம் எரியக்கூடிய கரிமண் பற்றிக்கொண்டால் இந்த வட்டாரத்துக்கே புகைதான். அப்போது வெளிக்காற்று வரும் வழியை அடைத்து, உள்காற்றையே சுற்றவிட வேண்டும். மணிக்கணக்கில் அப்படியே விட்டால் மூச்சுக்காற்று தேங்கிக் கண்ணைச் சொக்கும். இடையிடையே கொஞ்சம் வெளிக்காற்று விடுங்கள். காற்று வடிகட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். பழைய கார்கள் பலவற்றில் அது கிடையவே கிடையாது. தூசியெல்லாம் நேராகக் கூலிங் காயிலில் போய் அப்பிக்கொள்ளும்.

இதுதான் நான் சொல்ல நினைத்த விஷயம். என் பட்டறைக்கு வந்த கார்களில் சீல் காய்ந்து செத்தவை குறைவு, அழுக்கில் செத்தவை அதிகம். தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடிய காரின் காயிலைக் கழற்றினால் கம்பளிப் போர்வை மாதிரி ஒரு படலம் உரிந்து வரும். மண், முடி, காய்ந்த இலைத்துணுக்கு. ஒரு முறை பல்லி எலும்பு. அதில் எந்நேரமும் ஈரம். அப்புறம் காரைத் திறந்தால் நனைந்த காலுறை வாடை அடிக்கிறது என்று வாசனை டப்பாவைத் தொங்கவிடுவார்கள். ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர்ப் பால்) லாரிக்குப் பின்னால் போனாலே இதைவிட நல்ல வாடை வரும்.

செலவில்லாத வழி ஒன்று உண்டு. வீடு வந்து சேர மூன்று நான்கு நிமிடம் இருக்கும்போது ஏர்கோன் பொத்தானை மட்டும் நிறுத்துங்கள், மின்விசிறி ஓடட்டும். காயில் உலர்ந்துவிடும். உங்கள் அப்பாவைப் போலப் போடாமலும் இருக்க வேண்டாம், என் மகனைப் போல வீட்டு வாசல்வரை உச்சக் குளிரில் ஓட்டவும் வேண்டாம்.

இரவுப்பணி – திங்கள், மாலை 6.10

நான் ஆலையில் இரவு வேலை. இடைவேளையில் காரில் எஞ்சினையும் ஏர்கோனையும் ஓடவிட்டு ஒரு மணி நேரம் தூங்குவேன். அது கம்ப்ரசருக்கு நல்லதா கெட்டதா?

பழைய ஸ்பேனர் – திங்கள், மாலை 6.14

கம்ப்ரசரை விடுங்கள். உங்களுக்குக் கெட்டது. நின்ற காரில் புகைக்குழாய் இணைப்பு ஒன்று துருப்பிடித்து விட்டிருந்தாலும் போதும், கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறும். நிறமில்லை, வாடையில்லை. தூங்குகிறவனை அப்படியே கொண்டுபோகும். சுவரை ஒட்டி, கூரைக்கு அடியில் நிறுத்தியிருந்தால் இன்னும் மோசம். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கித் தூங்குங்கள், கொசுவர்த்தி வாங்கிக்கொள்ளலாம். ஆலைக்குள் ஓய்வறை இருந்தால் காரே வேண்டாம்.

வெண்கட்டி – திங்கள், மாலை 6.20

தம்பி, இதைத் தயவுசெய்து கேளுங்கள்.

இரவுப்பணி – திங்கள், மாலை 6.41

சரி அக்கா. இன்றிலிருந்து கேன்டீன் பெஞ்சு.

கன்சில்காரன் – திங்கள், இரவு 9.00

எண்ணெய்ச் செலவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே.

பழைய ஸ்பேனர் – செவ்வாய், காலை 8.35

திறக்கிறேன். ஏர்கோன் எண்ணெய் குடிக்கும், அதை மறுப்பவன் பொய்யன். சின்ன எஞ்சினில் நன்றாகவே தெரியும், கம்ப்ரசர் கேட்கும் சக்தி அதற்குப் பெரிய பங்கு. தோட்டத்துச் சாலையில் நாற்பதில் போகிறவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டால் மிச்சம்தான். லாத்தார் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது நான்கு கண்ணாடியையும் இறக்கினால் காற்று காரைப் பின்னால் இழுக்கும், மிச்சம் பிடித்ததைக் காற்றுக்குக் கொடுத்துவிடுவீர்கள். வெயிலில் நிறுத்திய காரை எடுக்கும்போது எல்லாரும் செய்யும் தப்பு, கதவைச் சாத்திக்கொண்டு உச்சத்தில் போடுவது. முதல் ஒரு நிமிடம் கண்ணாடியை இறக்கி வெக்கையை விரட்டிவிட்டுப் போடுங்கள். கம்ப்ரசருக்கு வேலை குறையும்.

இன்னொன்று. ஓடும்போது குளிர்ந்து, நெரிசலில் நின்றால் சூடாகிறதா? கேஸ் என்று ஓடாதீர்கள். முன்னால், கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்குக் காற்று வீசும் மின்விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். தைப்பூசத்தன்று பத்துமலைப் பக்கம் நெரிசலில் மாட்டி, மறுநாள் கேஸ் அடைக்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு விசிறிதான் கோளாறு.

சாம்பல் கூரை – செவ்வாய், பிற்பகல் 1.05

என்னுடையது ஹைப்ரிட். எனக்கும் சீல் காயுமா?

பழைய ஸ்பேனர் – செவ்வாய், பிற்பகல் 1.22

பெல்ட் இல்லாமல் மின்சாரத்தில் ஓடும் கம்ப்ரசர் என்றால் மோட்டார் உள்ளேயே அடைபட்டிருக்கும். வெளியே தண்டு வராது, ஆகவே இந்தக் கவலை இல்லை. வேறு கவலை உண்டு. அதற்கு மின்சாரம் கடத்தாத தனி எண்ணெய். சாதாரண எண்ணெயைக் கொஞ்சம் கலந்தாலும் தொல்லை. தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

ஆற்றோரம் – வியாழன், இரவு 8.55

முடிவு சொல்ல வந்தேன்.

நேற்று வேறொரு பட்டறைக்குப் போனோம். அங்கே அழுத்தம் ஏற்றிவிட்டு, பால்மாவு டின்னில் சோப்புத் தண்ணீர் கரைத்து, பெயின்ட் பிரஷால் ஒவ்வோர் இணைப்பிலும் தடவினார். கம்ப்ரசரில் ஒன்றும் இல்லை. குழாய்களில் ஒன்றும் இல்லை. கண்டென்சரின் கீழ்மூலையில், நம்பர் தகட்டுக்குப் பின்னால், மெல்லிய குமிழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மீன் முட்டை மாதிரி வந்துகொண்டே இருந்தன. கல் அடித்த ஓட்டை. மணல் லாரிக்குப் பின்னால் போனபோது ஏதோ ஒரு நாள் விழுந்திருக்க வேண்டும். கண்டென்சர், ஈரம் உறிஞ்சும் டிரையர் இரண்டையும் மாற்றி, முக்கால் மணி நேரம் பம்பு வைத்துக் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்து, தராசில் நிறுத்துக் கேஸ் ஏற்றினார். 390 வெள்ளி. கம்ப்ரசர் எண்ணெய் தெளிவாக இருக்கிறது, இன்னும் பல ஆண்டு ஓடும் என்றார்.

ஆக, சீல் சாகவில்லை. அப்பா வழக்கில் ஜெயித்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

இருந்தாலும் பால் மரத்துக் கோடு உவமை அவருக்குள் எங்கோ இறங்கியிருக்கிறது. ஞாயிறு காலை சந்தைக்குப் போகும்போது பத்து நிமிடம் போடுவதாக ஒத்துக்கொண்டார். இன்றே ஓர் ஒத்திகை பார்த்தோம். ஏர்கோன் உச்சத்தில், நான்கு கண்ணாடியும் இறங்கியபடியே.

கன்சில்காரன் – வியாழன், இரவு 9.02

எண்ணெயும் போயிற்று, குளிரும் இல்லை. நான் இருக்கிற வரிசையில் உங்கள் அப்பாவைச் சேர்க்க மாட்டேன்.

பழைய ஸ்பேனர் – வியாழன், இரவு 9.30

அவர் இஷ்டத்துக்கு விடுங்கள் தம்பி. கண்ணாடி ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று கம்ப்ரசருக்குத் தெரியாது.